பூவுக்குப் பை கட்டிய துறவி

எங்க தாத்தா பூவுக்குப் பை கட்டுகிற வேலை பார்த்தவர். லாயாங் லாயாங்கில் வயசானவர்களிடம் இப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். மற்ற ஊர் நண்பர்களிடம் சொன்னால், கோயிலில் மாலை கட்டினாரா என்று கேட்பார்கள்.

1960களில் நம் ஊரில் செம்பனை மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயரைச் செம்பனை விதை தயாரிப்பவர்கள் பல நாடுகளில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நல்ல தாய் மர வகை ஒன்றுக்கு அந்தத் தோட்டத்தின் பெயர்தான். இந்த வட்டாரத்தில்தான் தாத்தாவுக்கு விதை மர வேலை. பெண் பாளை விரிவதற்குப் பல நாள் முன்பே ஏணி போட்டு ஏறி அதற்குப் பை கட்டிவிடுவார். காற்றோ பூச்சியோ கொண்டுவரும் மகரந்தம் உள்ளே போகக் கூடாது. பூ விரிந்ததும், வேறொரு மரத்திலிருந்து எடுத்த மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, பையில் சின்னதாக ஓட்டை போட்டு உள்ளே ஊதுவார். ஓட்டையை உடனே ஒட்டிவிட வேண்டும். பிறகு ஓர் அட்டையில் தாய் மரத்தின் எண், தகப்பன் மரத்தின் எண், தேதி எல்லாம் எழுதித் தொங்கவிடுவார். குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும்.

எதுக்குத் தாத்தா இவ்வளவு பாடு என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். துரை சொன்னார், செய்தோம் என்பதுதான் அவர் பதில்.

அந்தத் துரைக்கும் முன்னால் இதைச் செய்து காட்டியவர் யார் என்று எனக்குப் படிவம் ஐந்து உயிரியல் பாடத்தில்தான் தெரிந்தது. கிரிகோர் மெண்டல். அப்போது பரீட்சைக்காக நாலு வரி மனப்பாடம் செய்ததோடு சரி. அவர் வாழ்க்கையை உட்கார்ந்து முழுசாகப் படித்தது, எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தபோதுதான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மெண்டல்.

தங்கையின் சீதனத்தில் படித்தவர்

1822 ஜூலையில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் ஹெயின்ட்சென்டார்ப் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த இடம் செக் நாட்டில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யோஹான். அப்பா ஆன்டன் விவசாயி. சொந்தமாக நிலம் இருந்தாலும், வாரத்தில் மூன்று நாள் ஜமீன்தார் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும். நம் பாட்டன் பூட்டன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசு இல்லை.

பையன் கெட்டிக்காரன் என்று பள்ளி ஆசிரியர் சொன்னதால், கஷ்டப்பட்டு வெளியூருக்குப் படிக்க அனுப்பினார்கள். 1838இல் மரம் வெட்டும்போது மரம் விழுந்து அப்பாவுக்குப் பலத்த காயம். அதோடு வீட்டிலிருந்து பணம் வருவது நின்றுபோனது. பதினாறு வயசுப் பையன் டியூஷன் சொல்லிக்கொடுத்து அரை வயிறு சாப்பிட்டுப் படித்தான். நடுவில் உடம்பு கெட்டுப் பல மாதம் படுத்தும் விட்டான்.

ஒரே பையன் அவர். ஊர் வழக்கப்படி நிலத்தைப் பார்க்க வந்திருக்க வேண்டும். மனசு படிப்பில்தான் இருந்தது. அப்போது கைகொடுத்தவள் தங்கை தெரேசியா. தன் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த சீதனத்தில் ஒரு பங்கை அண்ணன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தாள். அதை வைத்துத்தான் ஓலோமோட்ஸ் நகரில் மேல்படிப்பை முடித்தார். மெண்டல் இந்தக் கடனை மறக்கவில்லை. பிற்காலத்தில் தங்கையின் மூன்று மகன்களையும் படிக்க வைத்தார். அவர்களில் இருவர் டாக்டர் ஆனார்கள்.

படிப்பு முடிந்தும் பிழைப்புக்கு வழி இல்லை. 1843இல் புரூன் நகரில் இருந்த அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்தார். இன்றைக்கு அந்த நகரத்துக்குப் பர்னோ என்று பெயர். கிரிகோர் என்ற பெயர் மடத்தில் கொடுத்தது. நம் ஆதீனங்கள் தமிழ் வளர்த்த மாதிரி, அந்த மடம் இசை, கணிதம், தாவரவியல் எல்லாம் வளர்த்த இடம். சோற்றுக் கவலை இல்லாமல் படிக்க ஓர் இடம் கிடைத்தது.

இரண்டு முறை தவறிய பரீட்சை

குருப்பட்டம் பெற்றதும் நோயாளிகளைப் பார்த்து ஆறுதல் சொல்லும் வேலை கொடுத்தார்கள். மற்றவர் வேதனையைப் பார்த்துப் பார்த்து இவரே நோயாளி ஆகிவிட்டார். மடாதிபதி நாப் நல்ல மனிதர். இந்தப் பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று புரிந்துகொண்டு, 1849இல் பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார்.

நிரந்தர ஆசிரியராக வேண்டுமென்றால் அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டும். 1850இல் எழுதினார், தேறவில்லை. நாப் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1851 முதல் 1853 வரை அங்கே இயற்பியல், கணிதம், தாவரவியல் படித்தார். ஒலி அலை ஆராய்ச்சிக்குப் பேர்போன டாப்ளர் அவருக்கு ஆசிரியர். திரும்பி வந்து 1856இல் மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்தார். பாதியிலேயே உடம்பு முடியாமல் எழுந்து வந்துவிட்டார். கடைசி வரைக்கும் அவருக்கு ஆசிரியர் சான்றிதழ் கிடைக்கவே இல்லை. புரூன் பள்ளியில் பதினாலு வருஷமும் தற்காலிக ஆசிரியர்தான்.

எஸ்.டி.பி.எம். பரீட்சையில் ஒரு தடவை தவறி, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகவே கூச்சப்பட்டவன் நான். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், அதே 1856இல்தான் மடத்துத் தோட்டத்தில் மெண்டல் பட்டாணி நடத் தொடங்கினார்.

பட்டாணிக் கணக்கு

தோட்டம் பெரிசில்லை. 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். அதில் எட்டு வருஷத்தில் ஏறக்குறைய 28,000 செடி வளர்த்தார். பட்டாணிப் பூ மொட்டாக இருக்கும்போதே பிரித்து, அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுவார். பிறகு தான் விரும்பிய செடியின் மகரந்தத்தை வைத்து, பூவுக்குச் சின்னப் பை கட்டுவார். நூறு வருஷம் கழித்து எங்க தாத்தா ஏணியில் நின்று செய்தது இதேதான்.

அந்தக் காலத்தில் பெரிய அறிஞர்களே நினைத்தது என்னவென்றால், தாய் தகப்பன் குணங்கள் தேத்தண்ணியும் பாலும் மாதிரி பிள்ளையில் கலந்துவிடும் என்று. கலந்த பிறகு பிரிக்க முடியாது. மெண்டல் இதை நம்பி உட்காரவில்லை, எண்ணிப் பார்த்தார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தார். பிறந்த விதை எல்லாமே உருண்டை. சுருக்கம் எங்கே போச்சு? அந்த விதைகளை நட்டுத் தன்னாலே காய்க்க விட்டார். அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். மஞ்சளையும் பச்சையையும் சேர்த்தபோதும் அப்படியே: அடுத்த தலைமுறையில் 6,022 மஞ்சள், 2,001 பச்சை. ஏழு குணங்களைச் சோதித்தார். எல்லாவற்றிலும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்குத்தான் வந்தது.

ஆக, சுருக்கம் அழியவில்லை. ஒரு தலைமுறை மறைந்திருந்து மறுபடி வந்தது. இது தேத்தண்ணியும் பாலும் கலந்த கதை இல்லை. அரிசியும் உளுந்தும் கலந்த மாதிரி. பொறுக்கினால் தனித்தனியாக வந்துவிடும்.

இதோடும் அவர் நிறுத்தவில்லை. அந்த உருண்டை விதைகளில் 565 செடி வளர்த்துப் பார்த்தார். 193 செடி உருண்டை மட்டுமே கொடுத்தது. 372 செடியோ மறுபடி உருண்டையும் சுருக்கமும் கொடுத்தது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே உருண்டை. உள்ளே மூன்றில் இரண்டு சுருக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

காரணத்தையும் கண்டுபிடித்தார். ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வோர் உயிரிடமும் இரண்டு சீட்டு உண்டு. பிள்ளைக்குத் தாய் ஒரு சீட்டுத்தான் கொடுப்பாள், தகப்பனும் ஒன்றுதான். எந்தச் சீட்டு என்பது பூவா தலையா மாதிரி. தாயின் கரு முட்டை ஒன்று, மகரந்தத்திலிருந்து வரும் ஆண் அணு ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே உயிரணு ஆகும் அந்த நேரத்திலேயே சீட்டு விழுந்துவிடுகிறது. அந்த ஓர் அணு இரண்டாகி, நாலாகி, எட்டாகிக் கரு வளரும்போது, புது அணுக்கள் அத்தனைக்கும் அதே சீட்டின் நகல் போகிறது.

வீட்டில் சுண்டலுக்குப் பட்டாணி ஊறப் போட்டால் ஒன்றை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். இரண்டு பருப்பும் நடுவில் ஒரு சின்ன முளையும் இருக்கும். அது முழுக்கக் கரு, அதாவது பிள்ளைச் செடி. தோல் மட்டும்தான் தாயுடையது. அதனால்தான் மெண்டலால் காயை உடைத்த உடனே பிள்ளைகளின் குணத்தை எண்ண முடிந்தது.

நம் தோட்டத்து மரத்தில்

செம்பனையில் இது தலைகீழ். கொட்டையின் ஓடு தாய் மரத்துடையது. பிள்ளை உள்ளே இருக்கிறது. ஓட்டைப் பார்த்துப் பிள்ளையைச் சொல்ல முடியாது.

டூரா மரத்துக்குத் தடித்த ஓடு. பிசிபெராவுக்கு ஓடே இல்லை. ஆனால் பெரும்பாலும் குலை பழுக்காமல் அழுகிவிடும். இரண்டையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் தெனெரா: ஓடு மெல்லிசு, சதை அதிகம், எண்ணெயும் அதிகம். இதற்குக் காரணம் மெண்டல் சொன்ன அதே இரண்டு சீட்டுக் கணக்கு என்று 1941இல் காங்கோ நாட்டில் வேலை செய்த பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் எழுதினார்கள். இன்று நாம் பார்க்கும் செம்பனைத் தோட்டமெல்லாம் பெரும்பாலும் தெனெராதான். 2013இல் நம் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள், ஓட்டைத் தீர்மானிக்கும் அந்த மரபணுவையே வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

தாத்தாவின் கூட்டாளி ஒருவர் கன்று வாங்கக் காசு இல்லாமல், தெனெரா மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கி முளைக்க வைத்துத் தன் துண்டு நிலத்தில் நட்டாராம். ஓடு மெல்லிசாகத்தான் இருந்தது, பிறகு என்ன பயம் என்று. மூணு நாலு வருஷம் உரம் போட்டு வளர்த்த பிறகு பார்த்தால், கிட்டத்தட்டக் கால்வாசி மரத்தில் குலை அழுகுது. இன்னொரு கால்வாசி தடித்த ஓடு. மனுஷர் நிலத்துக்குத் தோஷம் என்று சாமியெல்லாம் கும்பிட்டிருக்கிறார். பாவம், அது வெறும் கணக்கு. தெனெராவும் தெனெராவும் சேர்ந்தால் நாலில் ஒன்று அப்படி, நாலில் ஒன்று இப்படி.

யாரும் கேட்காத பேச்சு

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 என்று இரண்டு நாள், புரூன் இயற்கை அறிவியல் சங்கக் கூட்டத்தில் மெண்டல் தன் கணக்கைச் சொன்னார். அடுத்த வருஷம் கட்டுரை அச்சில் வந்தது. 40 பிரதி தனியாக வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். ஜெர்மனியில் நேகெலி என்ற பெரிய பேராசிரியர் ஒருவர் மட்டும் கடிதப் பழக்கத்தில் இருந்தார். அவருக்கும் இதன் அருமை புரியவில்லை.

அவர் ஆராய்ந்துவந்த ஹாக்வீட் என்ற மஞ்சள் பூச்செடியில் மெண்டலும் பல வருஷம் பாடுபட்டார். பூ ரொம்பச் சின்னது; கண்ணே கெட்டுப்போச்சு. கணக்கும் வரவில்லை. அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தம் சேராமலேயே, தாயின் அணுவிலிருந்து மட்டுமே கருவை உண்டாக்கும். தகப்பன் சீட்டே இல்லாத இடத்தில் கணக்கு எப்படி வரும்? அன்றைக்கு இது அவருக்கும் தெரியாது, பேராசிரியருக்கும் தெரியாது.

1868இல் மடாதிபதி ஆனார். பிறகு நேரமெல்லாம் நிர்வாகத்துக்கே போனது. மடங்களுக்கு அரசாங்கம் 1874இல் போட்ட புது வரியைக் கட்ட மாட்டேன் என்று கடைசி வரை தனி ஆளாகச் சண்டை பிடித்தார். தேனீ வளர்த்தார், மழையும் வெயிலும் அளந்து எழுதினார். 1884 ஜனவரி 6, தமது 61ஆம் வயதில் சிறுநீரக நோயால் காலமானார். நல்ல மடாதிபதி என்று ஊர் திரண்டு வந்தது. பட்டாணிக் கணக்கின் மதிப்பு ஊருக்குத் தெரியாது. அவருடைய காகிதங்களில் பலவற்றை மடத்திலேயே எரித்துவிட்டார்கள்.

1900இல் ஹாலந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் மூன்று பேர் தனித்தனியாக அதே விதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய ஏடுகளைப் புரட்டினால், 34 வருஷத்துக்கு முன்பே ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டு பிஸ்கட் டின்

இனி நான் சொல்ல வேண்டிய கதை. தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2017இல் அவள் படிவம் நான்கு. பள்ளியில் தாலசீமியா ரத்தப் பரிசோதனை நடந்தது. அவள் அந்தக் குணத்தைச் சுமப்பவள் என்று கடிதம் வந்தது. நோய் இல்லை; நன்றாகத்தான் ஓடி ஆடிக்கொண்டிருந்தாள். அம்மா பயந்துவிட்டார். பொம்பளப் பிள்ளை, வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள்? எனக்கு அப்போது இருபது வயசு. உயிரியல் பாடம் படித்தவன். எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான்தான். நானும் சேர்ந்து, எடுத்து வைங்கம்மா, யாருக்கும் சொல்ல வேணாம் என்றேன். சாமி மேடைக்குக் கீழே பிஸ்கட் டின்னில் போய்விட்டது அந்தக் காகிதம்.

போன வருஷம் அம்மாவின் தம்பி, எங்க மாமா, தன் மகனுக்குத் தங்கச்சியைக் கேட்டு வந்தார். முறைப் பையன், நல்ல பையன். ஜாதகம் பார்த்ததில் பத்தில் எட்டுப் பொருத்தம். தட்டு மாற்ற நாள் குறிக்கும் நேரத்தில், தங்கச்சி எழுந்துபோய் டின்னைத் திறந்து காகிதத்தை எல்லார் முன்னாலும் வைத்தாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சத்தத்தை எழுத வேண்டாம். மாமாவுக்குக் கோபம், அத்தைக்கு அழுகை. கர்ப்பத்தில் நான் கிரகணத்தன்று வெளியே போனேனா, என்ன பாவம் செய்தேன் என்று அம்மா புலம்பினார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகக் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். அம்மா சுமப்பவர். மாமாவும் சுமப்பவர். மாமா மகனும்.

தாத்தா பாட்டி இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. எத்தனையோ பூவுக்குத் தாய் எண், தகப்பன் எண் எழுதித் தொங்கவிட்ட மனுஷர் எங்க தாத்தா. எங்கள் ரத்தத்துக்கு அட்டை எழுதித் தொங்கவிட ஆள் இல்லை.

சுமப்பவர் இருவர் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரலாம். நாலில் இரண்டு பங்கு பெற்றோர் மாதிரி சுமக்கும். நாலில் ஒரு பங்கு ஒன்றும் இல்லாமல் பிறக்கும். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கருவுக்கும் சீட்டு புதுசாக விழுகிறது.

கடுமையான வகையில் குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது வேறு வகை ஹீமோகுளோபின். பிறந்து சில மாதத்தில் அது பெரியவர்களின் வகைக்கு மாறும்போதுதான் குறை தெரியவரும். அதன் பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் எடுக்க வேண்டும். இது காலமெல்லாம் தொடரும்.

கருவிலேயே பரிசோதிக்கும் வழிகளையும் டாக்டர் எங்களுக்குச் சொன்னார். தங்கச்சியும் மாமா மகனும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். மாமா ஐந்து மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. தீபாவளிக்கு வந்தார், பழையபடி சாப்பிட்டார்.

இதை ஏன் நம் இதழில் எழுதுகிறேன்? நம்மில் பல வீடுகளில் மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தம் இன்னும் உண்டு. அது குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே தாத்தா பாட்டியின் பேரப் பிள்ளைகளிடம் ஒரே சீட்டு மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியில் கட்டினாலும் சோதனை தேவைதான். பத்துப் பொருத்தம் பாருங்கள், பதினோராவதாக ரத்தப் பொருத்தமும் பாருங்கள். அதுவும் தட்டு மாற்றிய பிறகு இல்லை. மனசு ஒட்டுவதற்கு முன்னாலேயே.

சுமப்பவர் நோயாளி இல்லை. சுமக்காத ஒருவரைக் கட்டினால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. பாதிப் பேர் சுமக்கலாம், அவ்வளவுதான். நோய் வர இரண்டு பேரின் சீட்டும் வேண்டும். அதனால் மருமகளை மட்டும் குறை சொல்ல இடமே இல்லை. கிரகணத்துக்கும் பாவத்துக்கும் இதில் பங்கு இல்லை. உங்கள் வீட்டு டின்னிலும் இப்படி ஒரு காகிதம் இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள்.

மெண்டலின் தங்கை தன் சீதனத்தைக் கொடுத்து அண்ணனைப் படிக்க வைத்தாள். அவர் அதைத் திருப்பிச் செய்தார். என் தங்கச்சிக்கு நான் செய்ய வேண்டியதை எட்டு வருஷம் தாமதித்துவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்து டியூஷனில் படிவம் நான்கு பிள்ளைகளுக்குப் பட்டாணிக் கணக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தங்கச்சியும் வருகிறாள். சுமப்பவர் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், அவளே எழுந்து நின்று பதில் சொல்கிறாள்.